மதுரை வீதிகளைப் பார்க்க வந்த பேராசிரியர்

ஒரு டிகிரிகூட வாங்காத ஒருவர் முப்பத்தோரு வருஷம் கல்லூரிப் பேராசிரியராக இருந்தார் என்றால் நம்புவீர்களா? செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்திய அவரே, ஊர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கலைக்கு உலக வாத்தியாராகவும் ஆனார். அவர்தான் சர் பேட்ரிக் கெடிஸ். டவுன் பிளானிங் படிக்கிறவர்களுக்குப் பழகிய பெயர். நம் மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கெடிஸ் பிறந்தது 1854இல், ஸ்காட்லாந்தில். அப்பா பட்டாளத்துக்காரர். லண்டனில் பெரிய விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். பரீட்சை, பட்டம் இதிலெல்லாம் அவருக்கு நாட்டமே இல்லை. 1879இல் மெக்ஸிகோவுக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் கண் பார்வை போய்விட்டது. இருட்டறையில் பல வாரம் கிடந்தார். பார்வை திரும்பினாலும் மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் குனிந்திருக்க முடியாமல் போனது. கண்ணாடிச் சில்லில் உயிர்களைப் பார்த்தவர், அதன் பிறகு மனிதர் வாழும் தெருக்களைப் பார்க்க ஆரம்பித்தார்!

1886இல் ஆன்னா மார்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். புதுமணத் தம்பதி குடியேறிய இடம் எது தெரியுமா? எடின்பரோவின் பழைய நகரில், வசதியானவர்கள் எப்போதோ காலிசெய்துவிட்டுப் போன ஒரு நெரிசல் குடியிருப்பு. அங்கேயே இருந்து, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு பெருக்கினார்கள், வெள்ளையடித்தார்கள், காலி மூலைகளில் செடி வைத்தார்கள். இனி தேறாது என்ற சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி விட்டார்கள். மற்றதையெல்லாம் பழுது பார்த்துக் காப்பாற்றினார்கள். மறு வருஷமே மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் ஹாஸ்டல் ஒன்றும் அங்கே பிறந்தது. 1888 முதல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர்.

அறுபதாவது வயதில் இந்தியா அவரை அழைத்தது. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பு. உலகத்து நகரங்களின் படங்களும் வரைபடங்களும் கொண்ட தம் கண்காட்சியை முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவைத்தார். அது 1914. சென்னையில் குண்டு போட்டதே, அதே எம்டன் கப்பல், கண்காட்சி வந்த கப்பலையும் மூழ்கடித்துவிட்டது! பல வருஷ உழைப்பு கடலுக்குள். கெடிஸ் அசரவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூருக்கு எழுதினார், மதுரைக்கும் எழுதினார். அவருடைய முறை ரொம்ப எளிது. முதலில் நட. பிறகு பார். கடைசியில்தான் வரை. அந்தக் கால அதிகாரிகள் மேப்பில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டு, குறுக்கே வரும் வீடுகளை இடித்து ரோடு போடப் பார்த்தார்கள். கெடிஸ் அதே சந்துகளில் நடந்து, எந்த வீடு உளுத்தது, எந்த வீடு நல்லது, எங்கே மரம், எங்கே கிணறு என்று குறித்தார். இரண்டு மூன்று பாழடைந்த மனைகளைத் திறந்துவிட்டாலே காற்று வரும் என்று காட்டினார். செலவும் குறைவு, தெருவில் நிற்கிற குடும்பமும் குறைவு. நல்ல சர்ஜன் தேவையான இடத்தில் மட்டும்தானே கத்தி வைப்பார்? கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீன் விட்டால் போதுமே, குளம் எதற்குப் போகணும்?

1917 அவருக்குப் பொல்லாத வருஷம். மகன் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். கல்கத்தாவில் நோயில் கிடந்த மனைவியிடம் அதைச் சொல்லாமலே மறைத்தார். சில வாரத்தில் அவரும் போய்விட்டார். ஆனாலும் வேலையை விடவில்லை. பிளேக் பரவிய இந்தூரில் ஒரு நாள் மட்டும் மகாராஜா இடத்தில் இருக்க அனுமதி வாங்கினார். எந்தத் தெருக்காரர்கள் நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் தீபாவளி ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தை எடுத்தது!

1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். ஜகதீஷ் சந்திர போஸின் வரலாற்றை 1920இல் எழுதினார். 1932இல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் பிரான்சில் மறைந்தார்.

நண்பர்களே, இவர் கதை இங்கே எதற்கு? ஊர்வலத்தின் அருமை மதுரைக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்! சித்திரைத் தேர் ஓடுவதால்தான் மாசி வீதி மாசி வீதியாக இருக்கிறது. இங்கே இடித்ததும் உண்டு, காத்ததும் உண்டு. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து வெளி வீதிகள் வந்தன. அவர் நினைவாக நிற்பதுதான் நம் விளக்குத்தூண். கால்வாசி மட்டுமே மிஞ்சிய நாயக்கர் மஹாலை, 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997இல் ஆணை வந்தது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டத்தை 2012இல் தமிழக சட்டசபை நிறைவேற்றியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! அதற்குள் எத்தனை மரத்தூண் திண்ணைகள் ஷட்டர் கடைகளாகிவிட்டன என்பதற்குக் கணக்கு வைத்தவர் யார்?

கணக்கு இல்லாததுதான் பெரிய ஆபத்து. இருந்தது என்று எழுதிவைக்காத வீடு, இடிந்தால் கேட்பார் இல்லை. கெடிஸ் முறைக்குப் பெரிய பணம் வேண்டாம். காலும் கண்ணும் நோட்டுப்புத்தகமும் போதும். நம் கல்லூரி மாணவர்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு வீதியை எடுத்து, வீடு வீடாக அளந்து, படம் வரைந்து, குடியிருப்பவர்களிடம் கேட்டு எழுதட்டும். முன்னாள் மாணவர்களில் என்ஜினியர், வக்கீல், வியாபாரி எல்லாரும் இருக்கிறோம், ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுப்போம். கெடிஸிடம் பட்டம் இல்லை. நம்மிடம் பட்டம் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. நடப்பதுதான் பாக்கி!