தூரிகை ஏந்திய கவிஞர்

நாமக்கல்லை அடுத்து, காவிரிக்கரையில் அமைந்த மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் வெ. இராமலிங்கனார். காவல்துறையில் பணியாற்றிய தந்தை வேங்கடராமனார், மகனும் அத்துறையிலேயே சேர வேண்டும் என விரும்பினார். மகனின் மனமோ தூரிகையை நாடியது. எழுத்தர் பணியும் ஆசிரியர் பணியும் அவரை நெடுநாள் பிணித்து வைக்கவில்லை. உருவப்படம் வரைவதையே தம் தொழிலாகக் கொண்டார்.

உருவ ஓவியருக்குக் கைத்திறன் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரின் முகத்தைக் கூர்ந்து நோக்கி, அவர்தம் இயல்பை உணர்ந்து, வேண்டாதவற்றை விலக்கி வரைதல் வேண்டும். அப்பயிற்சியின் பயனை இராமலிங்கனாரின் எளிய, தெளிந்த கவிதைகளிலும் காணலாம். பாரதியாரிடம் ஓவியராக அறிமுகமான அவர், கவிஞராகப் பாராட்டப்பெற்றார்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டித் தில்லியில் தம் ஓவியத்திற்காகத் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். 1930இல் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்களுக்கு வழிநடைப் பாடல் இயற்றினார். பதக்கம் அளித்துப் போற்றிய அதே ஆட்சி, 1932இல் அவரைச் சிறையிலிட்டது. ஓவியத்தால் வரும் பொருளினும் நாட்டின் விடுதலையே பெரிதென அவர் கருதினார்.

1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார், 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1972இல் மறைந்தார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு, இன்று நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது.