வானத்தையே பாடமாக்கிய மரியா மிட்செல்

பாடம் சொல்லிக் கொடுப்போர் பலர். அறியும் ஆவலைத் தூண்டுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க வானியல் அறிஞர் மரியா மிட்செல் அம்மையார்.

இவர் 1818ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நான்டுக்கெட் தீவில் பிறந்தார். திமிங்கல வேட்டைக்குச் செல்லும் மாலுமிகள் வாழ்ந்த ஊர் அது. கடலில் அவர்களுக்கு விண்மீன்களே வழிகாட்டி. ஆசிரியரான தந்தை வில்லியம், ஆண் பெண் என்ற வேறுபாடின்றித் தம் மக்கள் அனைவருக்கும் கல்வி புகட்டினார். பன்னிரண்டு வயதிலேயே மரியா, சூரிய கிரகணத்தை ஆராய்ந்த தந்தைக்கு நேரம் குறித்துக் கொடுத்து உதவினார்.

கல்லூரியில் பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஊர் நூலகத்தில் பணியாற்றியபடியே அரிய நூல்களைத் தாமே கற்றார். 1847 அக்டோபர் முதல் நாள் இரவு, தொலைநோக்கி வழியே ஒரு புதிய வால்மீனைக் கண்டுபிடித்தார். டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் அவரைத் தேடி வந்தது.

1865இல் நியூயார்க் மாநிலத்தில் வாசர் மகளிர் கல்லூரி திறக்கப்பட்டபோது, அதன் வானியல் பேராசிரியையானார். உயர்கல்வி கற்றால் பெண்களின் உடல்நலம் கெடும் என்று மருத்துவர்களே எழுதிய காலம் அது. பெண்கள் இரவில் வெளியே நிற்பதும் தகாது என்றனர். அம்மையாரோ நள்ளிரவிலும் மாணவியரை வானாய்வுக் கூடத்துக்கு அழைத்தார். பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கியை அவர்களே கையாண்டனர். கண்டதை அவர்களே கணக்கிட்டனர். மனப்பாடத்திற்கு அங்கே மதிப்பில்லை. ஒரு மாணவி விடை கூறினால், அது நூலில் படித்ததா, தானே கண்டறிந்ததா என்று வினவுவார். மதிப்பெண்ணால் அறிவை அளப்பதை அவர் விரும்பவில்லை.

1869இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காண மாணவியரை அயோவா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றார். 1878இல் மீண்டும் ஒரு கிரகணம். அரசின் பண உதவி இல்லாமலே, தம் பழைய மாணவியர் சிலருடன் தொலைதூரத்து டென்வர் நகருக்கு ரயிலேறினார். மூன்று நிமிடத்துக்கும் குறைந்த அக்காட்சிக்காக அவ்வளவு பாடு!

அவர் ஏற்றிய சுடர் அணையவில்லை. மேரி விட்னி அவருக்குப் பின் அதே கல்லூரியில் வானியல் பேராசிரியையானார். எலன் சுவாலோ வேதியியலிலும், கிறிஸ்டின் லாட் கணிதத்திலும் புகழ் பெற்றனர். 1889 ஜூன் 28இல் அம்மையார் மறைந்தார். சந்திரனிலுள்ள ஒரு பள்ளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! விடைகளை ஒப்புவிப்பதோடு கல்வி முடிவதில்லை. ஏன், எப்படி என்று கேட்போம். நம் கண்களாலேயே காண்போம். அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றி.