மரப்பாச்சி ஆகாத மன்னர்

இருட்டறையில் வளர்ந்த தஞ்சை சரபோஜியின் கதை

நவராத்திரி வந்துவிட்டால் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து மரப்பாச்சிகள் இறங்கிவிடும். பிள்ளைகள் மர ராஜாவுக்கு வேட்டி கட்டுவார்கள். மர ராணிக்குப் பட்டுத் துணி சுற்றுவார்கள். இருவரையும் ஜோடியாகக் கொலுவில் நிறுத்துவார்கள்.

பொம்மை ராஜாவுக்கு இத்தனை உபசாரம்! ஆனால் இதே தஞ்சையில், நிஜ ராஜாவாக வேண்டிய ஒரு சிறுவனுக்கு விளையாட வெளிச்சம்கூடக் கிடைக்கவில்லை. அவர்தான் இரண்டாம் சரபோஜி.

இருட்டறை

சரபோஜி 1777-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பட்டத்துக்குப் பிள்ளை இல்லை. 1787-ல் சாகும் தறுவாயில் அவர் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். அப்போது சிறுவனுக்கு வயது 9. பையனைப் பார்த்துக்கொள்ளும்படி சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

ஆனால் சிம்மாசனம் ஏறியவர் துளஜாவின் தம்பி அமர்சிங். சுவீகாரம் செல்லாது என்று முடிவாயிற்று.

சரபோஜி அரண்மனைக்குள்ளேயே அடைக்கப்பட்டார். அறைக்குள் பகல் வெளிச்சம் வராது. படிப்பு இல்லை. ஓடியாட இடமும் இல்லை.

சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கும்பெனி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே ஆசையோடு படித்தார். 1798-ல் அவருக்கே பட்டம் கிடைத்தது. அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

பெயருக்கு ராஜா

மறு வருஷமே, 1799-ல், கும்பெனி ஓர் ஒப்பந்தம் செய்தது. நெல் விளையும் காவிரிச் சீமை கும்பெனி கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் மானியமும்தான்.

பட்டாடை உண்டு; தலைப்பாகை உண்டு; அதிகாரம் இல்லை. அலங்கரித்து வைத்த மரப்பாச்சியைப் போல!

ஆனால் சரபோஜி பொம்மையாக இருந்துவிடவில்லை. சரசுவதி மகால் நூலகத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் புத்தகங்களை வரவழைத்தார். கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து, விவரங்களைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார்.

குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. பள்ளிகள் வைத்தார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைத்தன. அரண்மனையிலேயே அச்சுக்கூடம் வைத்து, நரியும் காக்கையும் பேசும் ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிடச் செய்தார். எழுத்தும் கதையும் மறுக்கப்பட்ட சிறுவன், பெரியவனானதும் அவற்றை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான்!

1832-ல் சரபோஜி மறைந்தார். 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், பெயரளவுக்கு இருந்த அரசையும் கும்பெனி எடுத்துக்கொண்டது. நூலகம் மட்டும் நிலைத்தது.

தஞ்சை அரண்மனையில் கைகூப்பி நிற்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலையை இன்றும் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அப்படியே அந்த இருட்டறைக் கதையையும் சொல்லுங்கள்.