உடையவர் நியமனம்

கி.பி. 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்த ஸ்ரீராமாநுஜர், பின்னாளில் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் நிர்வாகத்தை ஏற்றருளினார். கோயிற் பரிஜனங்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, இன்னார்க்கு இன்ன கைங்கர்யம் என்று ஐயமற நியமித்தார். தம் கடமையை ஒவ்வொருவரும் அறிந்திருந்தமையால் கைங்கர்யம் தடையின்றி நடந்தேறியது.

கிரந்தப் பணியிலும் அவர் முறை அதுவே. திருவாய்மொழிக்கு உரை வேண்டுமென்று திருவுள்ளம் பற்றி, அப்பணியைத் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்படைத்தார், ஆறாயிரப்படி உண்டாயிற்று.

ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்கையில் பட்டோலை கொண்டவர் கூரத்தாழ்வான். தமக்குச் சம்மதமாகாத இடத்தில் எழுதாது நிறுத்துக என்பது ஆழ்வானுக்கு இடப்பட்ட நியமனம். ஜீவாத்ம ஸ்வரூபத்தை அறிவுடைமை மாத்திரமாக ஆசார்யர் அருளியபோது, எம்பெருமானுக்கு அடிமையாயிருத்தல் அதில் விடுபட்டதென்று ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் வெகுண்டெழுந்தார். ஆழ்வானோ குரு கோபத்திற்கு அஞ்சி நியமனத்தைக் கைவிட்டாரல்லர். பின்னர் ஆராய்ந்து தெளிந்த உடையவர், ஆழ்வான் கொண்ட பொருளையே அங்கீகரித்து மேலே அருளிச்செய்தார் என்பது பெரியோர் வழக்கு. சிஷ்யன் நிறுத்தியதால் ஆசார்யரின் ஆணை குன்றவில்லை. அவர் இட்ட ஆணையே நூலைக் காத்தது.

சம்பிரதாயத்தைப் பரப்ப எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்து, 1137-இல் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஆரணிப் பட்டுத்தறியில் பாவு நேராக அமைந்தாலன்றி ஊடை ஒழுங்காக ஓடாது. உடையவர் நியமனம் பாவு. அடியார் திறம் ஊடை. உத்ஸவம் சேவிக்க எழுந்தருளிய அன்பர்கள் இதனை நெஞ்சிற் கொண்டு, அவரவர் கைங்கர்யத்தில் நிலைத்து உஜ்ஜீவிப்பார்களாக.