சூரியனில் கறை கண்டவர்

1612-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி.

இத்தாலி நாட்டில் ஒருவர், ஒரு சிறிய தொலைநோக்கிக் குழாயைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஆனால் அதில் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. குழாயின் பின்பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். காகிதத்தில் ஒரு வட்டம் வரையப்பட்டிருந்தது.

குழாய் வழியாக வந்த சூரியனின் உருவம், அந்த வட்டத்துக்குள் அப்படியே விழுந்தது!

அந்த ஒளி வட்டத்தில் சில கரும்புள்ளிகள் தெரிந்தன. பேனாவை எடுத்தார். புள்ளிகள் விழுந்த இடத்திலேயே மையினால் குறித்துக்கொண்டார்.

மறுநாளும் அப்படியே செய்தார். பிறகும் தொடர்ந்து செய்தார். ஜூலை 8-ந் தேதி வரை இந்த வேலை நடந்தது.

அவர்தான் கலீலியோ. அப்போது அவருக்கு வயது 48.

சூரியனில் கறை உண்டு என்று சொல்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. வானத்தில் உள்ளவை எல்லாம் தூய்மையானவை. அவற்றில் மாற்றமே கிடையாது. பிறப்பதும் அழிவதும் பூமியில்தான். சுமார் 2,000 ஆண்டுகளாகப் பண்டிதர்கள் இப்படித்தான் கற்பித்து வந்தார்கள். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அதை ஒரு காகிதமும் ஒரு சிறிய குழாயும் அசைத்துவிட்டன!

குடும்ப பாரம்

கலீலியோ 1564-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஒரு சங்கீத வித்வான். தந்தி வாத்தியம் வாசிப்பதில் வல்லவர். இசை பற்றிப் புத்தகமும் எழுதியவர். ஆனால் வீட்டில் பணம் இல்லை.

மகன் வைத்தியரானால் குடும்பம் தலையெடுக்கும் என்று தந்தை நினைத்தார். 17-வது வயதில் கலீலியோ வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அவருடைய மனமோ கணக்கில் சென்றது. பட்டம் பெறாமலே 1585-ல் படிப்பை விட்டுவிட்டார்.

பட்டம் பெறாத அவரே, நான்கு ஆண்டுகளில் அதே சர்வகலாசாலையில் கணித ஆசிரியர் ஆனார்! சம்பளம் மட்டும் மிகக் குறைவு.

1591-ல் தந்தை இறந்தார். கலீலியோ மூத்த மகன். குடும்ப பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சகோதரிகளுக்குக் கொடுக்க வேண்டிய வரதட்சிணையும் அவர் பொறுப்புதான்.

1592-ல் பாதுவா நகர சர்வகலாசாலைக்குப் போனார். 18 ஆண்டுகள் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் போதாமல் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துப் பணம் வாங்கினார். கணக்குப் போட உதவும் கருவிகளைச் செய்து விற்றார்.

குழாய் வந்தது

1609-ம் ஆண்டு ஒரு செய்தி வந்தது. ஹாலந்து நாட்டில் யாரோ ஒரு மூக்குக் கண்ணாடி வியாபாரி, தூரத்தில் உள்ளதைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றைச் செய்திருக்கிறாராம்!

கலீலியோ தாமே கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தார். அவர் செய்த முதல் குழாய் 3 மடங்கு பெரிதாகக் காட்டியது. அடுத்தது 8 மடங்கு காட்டியது. சில மாதங்களில் சுமார் 20 மடங்கு காட்டும் குழாயைச் செய்துவிட்டார்.

அவர் செய்த தொலைநோக்கிகளில் இரண்டு, பிளாரன்ஸ் நகரக் காட்சிசாலையில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கண்ணாடியின் அகலம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சிறியது!

அந்தச் சிறிய குழாயை வானத்துக்குத் திருப்பினார். சந்திரனில் மலைகள் தெரிந்தன. 1610 ஜனவரியில், வியாழனைச் சுற்றி நான்கு சந்திரன்கள் ஓடுவதைக் கண்டார். இவற்றை எல்லாம் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அவர் புகழ் பரவியது. பிளாரன்ஸ் நகரப் பிரபு அவரைத் தம் ஆஸ்தான கணித அறிஞராக நியமித்தார்.

கறையா, கிரகமா?

சூரியனில் உள்ள புள்ளிகளை முதலில் கண்டவர் கலீலியோ அல்ல. பெரிய புள்ளிகள் சில சமயம் வெறும் கண்ணுக்கே தெரியும். சீன தேசத்தார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைக் குறித்து வைத்திருந்தார்கள். தொலைநோக்கி வந்தபின், இங்கிலாந்தில் ஹாரியட் என்பவர் 1610-ல் அவற்றைப் படமாக வரைந்தார். பப்ரீஷியஸ் என்ற இளைஞர் 1611-ல் அவற்றைப் பற்றிப் புத்தகமே அச்சிட்டார்.

ஆனால் அந்தப் புள்ளிகள் என்ன? அதுதான் கேள்வி.

ஜெர்மனியில் ஷைனர் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவரும் கணிதத்தில் வல்லவர். அவரும் புள்ளிகளைப் பார்த்தார். புனைபெயரில் 1612 ஜனவரியில் ஒரு வெளியீடு கொண்டுவந்தார். அவை சூரியனில் உள்ள கறை அல்ல. சூரியனைச் சுற்றி ஓடும் சிறு கிரகங்களே கறைபோலத் தெரிகின்றன என்பது அவர் வாதம்.

அப்படியானால் சூரியன் தூய்மையானது என்ற பழைய கொள்கைக்கு ஆபத்து இல்லை!

இந்த வெளியீடு கலீலியோவின் கைக்கு வந்தது. அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. காகிதத்தை எடுத்தார்.

குழாயின் பின்னால் காகிதத்தை வைத்துச் சூரிய உருவத்தை விழச்செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர், அவருடைய மாணவர் காஸ்டெல்லி என்ற துறவி. அதுவரை, சூரியன் உதிக்கும்போதும் அஸ்தமிக்கும்போதும், மங்கலான வேளையில்தான் பலரும் பார்த்து வந்தார்கள். காஸ்டெல்லியின் வழியில் உச்சிவெயிலிலும் பார்க்கலாம். கண்ணுக்குக் கெடுதல் இல்லை. படமும் பிசகாது.

பானையில் ஒரு பொட்டு

நாள்தோறும் வரைந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். உண்மை புலப்பட்டது.

புள்ளிகள் எல்லாம் சேர்ந்தாற்போல ஒரே பக்கமாக நகர்ந்தன. ஓர் ஓரத்தில் தோன்றி, சுமார் இரண்டு வாரத்தில் மறு ஓரத்தை அடைந்து மறைந்தன. ஓரத்தில் இருக்கும்போது ஒடுங்கித் தெரிந்தன, மெதுவாக நகர்ந்தன. நடுவுக்கு வரும்போது அகன்று தெரிந்தன, வேகமாக நகர்ந்தன.

ஒரு பானையில் சுண்ணாம்பினால் வட்டமாகப் பொட்டு வைத்து, பானையைச் சுழற்றிப் பார்த்தால் இது விளங்கும். பொட்டு நமக்கு நேரே வரும்போது வட்டமாக இருக்கும். பக்கவாட்டில் போகும்போது ஒடுங்கிக் கோடு போல் ஆகிவிடும்.

ஆகவே புள்ளிகள் சூரியனுக்கு வெளியே தூரத்தில் சுற்றவில்லை. சூரியனின் மேலேயே இருக்கின்றன, அல்லது அதை ஒட்டியே இருக்கின்றன. சூரியன்தான் தன்னைத் தானே சுற்றுகிறது! ஒருமுறை சுற்ற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது!

இன்னும் ஒன்று. புள்ளிகள் புதிதாகத் தோன்றின. உருவம் மாறின. ஒன்று இரண்டாகப் பிரிந்தது. சில கலைந்தே போயின. கிரகங்கள் இப்படிச் செய்யுமா? வானத்திலும் பிறப்பும் அழிவும் உண்டு என்பது தெளிவாகிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த மொழி

அந்தக் காலத்தில் பண்டிதர்கள் லத்தீன் மொழியில்தான் எழுதுவார்கள். கலீலியோ இதை இத்தாலிய மொழியில் எழுதினார். லத்தீன் படிக்க வசதி இல்லாதவர்களுக்கும் கண் இருக்கிறது, அறிவு இருக்கிறது. அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். 1613-ல் ரோம் நகரில் அது புத்தகமாக வந்தது. சூரியப் படங்களையும் அதில் அச்சிட்டார்கள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், சூரியன் சுழல்வது கண்முன் தெரியும்.

ஷைனர் பிறகு பல ஆண்டுகள் சூரியனை ஆராய்ந்தார். 1630-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். புள்ளிகள் சூரியனிலேயே இருக்கின்றன என்று அதில் அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் யார் முதலில் கண்டது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. முதல் பெருமை தம்முடையதே என்று கலீலியோ பிடிவாதம் பிடித்தார். எதிரிகளைச் சொல்லால் குத்துவது அவருக்கு வழக்கம். அதனால் பகைவர்கள் பெருகினார்கள்.

முழந்தாளிட்ட நாள்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையைக் கலீலியோ நம்பினார். அந்தக் கொள்கையை ஆதரிக்கக் கூடாது என்று 1616-ல் திருச்சபை அவரை எச்சரித்தது.

சில ஆண்டுகள் கழித்து எட்டாம் அர்பன் போப்பாண்டவர் ஆனார். அவர் கலீலியோவின் பழைய நண்பர். கலீலியோவைப் புகழ்ந்து கவி பாடியவர். இனிப் பயம் இல்லை என்று கலீலியோ நினைத்தார். 1632-ல் புதிய நூலை வெளியிட்டார். பூமி சுழல்கிறது என்பதற்குச் சூரியப் புள்ளிகள் செல்லும் பாதையையும் அதில் ஒரு சான்றாகக் காட்டினார்.

நண்பரான போப்பாண்டவரே சீறினார். ரோமுக்கு வரும்படி உத்தரவு பிறந்தது. அப்போது கலீலியோவுக்கு வயது 68. உடம்பிலும் பல நோய்கள்.

1633-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, நீதிபதிகள் முன் முழந்தாளிட்டு, தம் கொள்கையைக் கைவிடுவதாக அவர் படித்தார். தாம் கண்ணால் கண்டு அறிந்ததை வாயால் மறுத்தார். எழுந்தபோது, பூமி சுழல்கிறது என்று முணுமுணுத்ததாக ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

காவலில் வைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு முடிவில், பிளாரன்ஸை அடுத்த ஆர்செட்ரி கிராமத்தில் தம் வீட்டிலேயே சிறை இருக்க அனுமதி கிடைத்தது.

மகளின் பாசம்

அந்த வீட்டுக்கு அருகில் ஒரு மடம் இருந்தது. கலீலியோவின் மூத்த மகள் அங்கே கன்னியாஸ்திரி. துறவுப் பெயர் மரியா செலஸ்தே. தந்தையின் உடல்நலம் பற்றி ஓயாமல் கடிதம் எழுதுவார். பலகாரம் செய்து அனுப்புவார். சட்டைகளைத் தைத்துக் கொடுப்பார்.

வாரம் ஒருமுறை ஏழு சங்கீதங்களைச் சொல்லிப் பிரார்த்திக்க வேண்டும் என்பதும் தந்தைக்கு விதித்த தண்டனையில் ஒரு பகுதி. அதைத் தந்தைக்குப் பதிலாக மகளே ஏற்றுக்கொண்டார்.

தந்தை வீடு திரும்பிச் சில மாதங்களே ஆயின. 1634 ஏப்ரல் 2-ந் தேதி மகள் நோயினால் இறந்துவிட்டார். வயது 33. எழுபது வயதுக் கிழவர் தனியாக நின்றார்.

அந்தத் துக்கத்திலும் அவர் வேலையை விடவில்லை. பொருள்களின் இயக்கத்தைப் பற்றித் தம் கடைசிப் பெரிய நூலை எழுதி முடித்தார். இத்தாலியில் அச்சிட முடியாததால் 1638-ல் அது ஹாலந்தில் வெளியாயிற்று.

புத்தகம் வந்தபோது அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை! இரு கண்களும் பார்வை இழந்துவிட்டன. சூரியனைப் பார்த்ததால்தான் கண் போயிற்று என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. சூரியனை அவர் காகிதத்தில் வரைந்து 25 ஆண்டுகள் கழித்து, முதுமையில், கண்ணோயினால் வந்த குருடு அது.

1642 ஜனவரி 8-ந் தேதி கலீலியோ கண் மூடினார். அவர் வழக்கில் தவறு நேர்ந்ததைத் திருச்சபை ஒப்புக்கொண்டது. 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதை அறிவித்தார்.

கொடைக்கானல் மலையில்

சூரியப் புள்ளி என்பது உண்மையில் கறுப்பு அல்ல. சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி. புள்ளி உள்ள இடத்தில் சுமார் 4,000 டிகிரிதான். சுற்றிலும் உள்ள பெரும் பிரகாசத்தின் நடுவே அது கறுப்பாகத் தெரிகிறது. உள்ளிருந்து வரும் வெப்பத்தைக் காந்த சக்தி தடுப்பதே இதற்குக் காரணம். பெரிய புள்ளி ஒன்றில் நம் பூமியையே போட்டுவிடலாம்!

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1909-ல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தில், எவர்ஷெட் என்ற விஞ்ஞானி ஓர் உண்மையைக் கண்டார். புள்ளியின் விளிம்பில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்கின்றன என்பதே அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலையில் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் நொடியில் பார்வை போய்விடும். காகிதத்தில் விழச்செய்து பார்ப்பதே நல்ல வழி. அதையும் விஷயம் தெரிந்தவர்களின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

அன்று கலீலியோ முழந்தாளிட்டார். அவர் குறித்து வைத்த புள்ளிகளோ அப்படியே இருந்தன. குழாய் உள்ள எவரும் காகிதத்தை விரித்து அவற்றைப் பார்க்கலாம். அதைத் தடுக்க எந்தத் தீர்ப்பாலும் முடியவில்லை.