இடது பெடல் மட்டும் ஏன் தலைகீழ்? சைக்கிள் கடைக்காரர் வில்பர் ரைட்டின் கதை

புது பெடல் வந்தாச்சு, 15 எம்.எம். ஸ்பேனரும் ரெடி. வலது பெடல் சுலபமா ஏறிடும். இடது பெடல் மட்டும் எவ்வளவு திருப்பினாலும் பிடிக்காது. காரணம், அதன் மரை தலைகீழ். 1900-லேயே தங்கள் சைக்கிள்களில் இப்படி மரை போட்டவர்கள், விமானத்தால் புகழ்பெற்ற ரைட் சகோதரர்கள். இருவரில் மூத்தவர் வில்பர்.

யார் இவர்?

1867-ல் அமெரிக்காவின் இந்தியானாவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பதாக இருந்தது. 18 வயதில் ஐஸ் மீது ஹாக்கி ஆடும்போது முகத்தில் பலத்த அடி, பற்கள் போயின. யேல் கனவும் அதோடு போச்சு. வீட்டிலேயே முடங்கியவர், காசநோயில் படுத்த அம்மாவைக் கவனிச்சுக்கிட்டார். 1889-ல் அம்மா இறந்தார். வில்பர் கடைசிவரை கல்லூரிக்குப் போகவே இல்லை.

1892-ல் தம்பி ஆர்வில்லுடன் ஓஹையோவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை போட்டார். 1896-ல் சொந்தமாக சைக்கிள் தயாரிக்க ஆரம்பிச்சாங்க.

தலைகீழ் மரை எதுக்கு?

மிதிக்க மிதிக்க, பெடலின் அச்சு கிராங்கின் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருளும். இடப்பக்கம் சாதாரண மரை இருந்தால், அந்த உருளலே பெடலைக் கழற்றிவிடும். தலைகீழ் மரையில் அதே உருளல் இறுக்கும் திசையில் வேலை செய்யும்.

வீட்டில் மாட்டுவது எப்படி?

* 'எல்' இடது, 'ஆர்' வலது. அச்சில் பார்த்து உறுதி செய்யுங்கள்.
* மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். கையால் ஏறவில்லை என்றால் பலம் காட்டாதீங்க, கிராங்கின் மரை அழிஞ்சிடும்.
* ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்படி வைத்து, முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். பின்சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்குதான்.

கடையிலிருந்து வானத்துக்கு

விமான ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது சைக்கிள் கடை வருமானம்தான். 1903 டிசம்பர் 17-ல் பறந்த விமானத்தின் புரொப்பல்லர்களைச் சுழற்றியதும், சைக்கிள் மாதிரியே செயினும் பல்சக்கரமும்தான். முதலில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி கடந்தார்.

1908-ல் பிரான்ஸில் பறந்து காட்டிய பிறகுதான் ஐரோப்பா நம்பியது. நான்கே வருஷத்தில், 1912-ல், டைபாய்டு காய்ச்சல் வில்பரின் உயிரைப் பறித்தது. வயது 45. அவர் கடையில் போட்ட அதே இடது மரைதான் இன்னைக்கு உங்கள் சைக்கிளிலும் இருக்கு.