விதை காத்த பெண்களின் பக்கம் நின்ற ஜானகி அம்மாள்

தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட தீயர் சமூகத்தில், 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர் தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள். 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியபோது பெண் என்பதாலும் சாதியாலும் ஒதுக்கப்பட்டார். 1939இல் நாட்டைவிட்டுச் சென்றவர், 1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் திரும்பினார்.

அரசின் உணவுப் பெருக்கத் திட்டத்திற்காகக் காடுகள் தானிய வயல்களாகிக் கொண்டிருந்த காலம் அது. மரம் போனால் மேல்மண்ணும் போகும். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணித்து, அப்பகுதியின் ஒரே மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைத் தேடிச் சென்றார், அது எரிக்கப்பட்டிருந்தது.

1955இல் பிரின்ஸ்டனில் நடந்த சூழலியல் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவரே. பழங்குடியினரின் வாழ்வாதார வேளாண்மையை அங்கே எடுத்துரைத்தார். தாய்வழிச் சமூகங்களில் குடும்பத்தின் பயிர்வகைகளைக் காத்துவந்தவர்கள் பெண்கள். தானியப் பெருவிளைச்சல் அந்த உரிமையை அழிக்கும் என்று எச்சரித்தார்.

முதிய வயதில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத்திட்டத்தை எதிர்த்தார். 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பழங்குடிப் பெண்களின் மண்ணறிவை அறிவியலாக ஏற்காத வேளாண் கொள்கைக்கு அவர் வாழ்வு இன்றும் ஒரு கேள்வி.